டிப்ளமசி ஆட்டத்தில் நம்பிக்கையை அளப்பது: செய்து பார்த்த கணக்கு

டிப்ளமசி விளையாடுகிற எல்லோர் மனதிலும் எழுதி வைக்காத ஒரு பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். இவன் சொன்னால் செய்வான். அவளை ஆட்டத்துக்குள் வரும் 1903-ஆம் ஆண்டு வரைக்கும் நம்பலாம், அதற்கு மேல் எல்லையில் ஒரு படையை நிறுத்தியே ஆக வேண்டும். இன்னொருத்தர் திடீரென்று தேன் ஒழுகப் பேச ஆரம்பித்தால் அன்றைக்கே உஷாராகிவிட வேண்டும். இந்தப் பட்டியலை ஆட்டப் பதிவுகளிலிருந்தே எண்ணாக எடுக்க முடியுமா என்று பார்க்கத் தொடங்கிய வேலை இது. ஓரளவு வடிவத்துக்கு வந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆலன் கலமர் 1954-இல் உருவாக்கி 1959-இல் வெளியிட்ட பலகை ஆட்டம். முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பா, ஏழு நாடுகள், 34 சப்ளை சென்டர்கள் (பிடிக்கப் போட்டி போடும் முக்கிய இடங்கள், இனி சென்டர்), அதில் 18 பிடித்தால் வெற்றி. பகடை கிடையாது, சீட்டு கிடையாது. எல்லோரும் ரகசியமாக ஆர்டர் எழுதி ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். எல்லாப் படைக்கும் பலம் ஒன்றுதான், ஆகவே அடுத்தவர் சப்போர்ட் (ஒரு படை தன் பலத்தை இன்னொரு படையின் நகர்வோடு சேர்ப்பது) இல்லாமல் காவல் உள்ள இடம் எதையும் பிடிப்பது கஷ்டம். பேசித்தான் ஆக வேண்டும், ஆனால் பேசியதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. வசந்தம், இலையுதிர் என்று ஆண்டுக்கு இரண்டு சீசன். சென்டர் யாருக்குச் சொந்தம் என்பது இலையுதிர் முடிவில்தான் மாறும். இந்தக் கடைசி விவரம் பின்னால் முக்கியமாக வரும்.

எதை அளக்க வேண்டும் என்பதற்கு எனக்கு வழிகாட்டியது பொருளாதார ஆய்வாளர்கள் பெர்க், டிக்காட், மெக்கேப் மூவரும் 1995-இல் வெளியிட்ட சோதனை. ஒருவர் கையில் 10 டாலர். அதில் எவ்வளவு வேண்டுமானாலும் முகம் தெரியாத இன்னொருவருக்கு அனுப்பலாம், அனுப்பியது போகிற வழியில் மூன்று மடங்காகும், வாங்கியவர் விருப்பப்பட்டால் கொஞ்சம் திருப்பித் தரலாம். அனுப்பிய தொகை நம்பிக்கை, திருப்பிய தொகை நாணயம், அதாவது நேர்மை. இரண்டும் தனித்தனி எண்கள், தனித்தனி ஆட்களுடையவை. நம்புகிறவரின் குணத்தையும் நம்பப்பட்டவரின் குணத்தையும் ஒரே மதிப்பெண்ணில் போட்டுக் குழப்பக் கூடாது என்பதை இதிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன். அப்படியானால் டிப்ளமசியில் அனுப்பிய தொகை எது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

முதலில் எளிய அடுக்கு. எங்கள் குழுவில் முடிந்துபோன ஆட்டங்களின் ஆர்டர்களையும் பேச்சுகளையும் எல்லோருடைய சம்மதத்தோடும் எடுத்துக்கொண்டேன். பைத்தானில் டிப்ளமசிக்கென்றே திறந்த மூல நூலகம் இருக்கிறது, ஆர்டர்களைக் கொடுத்தால் விதிப்படி தீர்ப்புச் சொல்லிவிடும், அதனால் நானே தீர்ப்பு எழுதுகிற தொல்லை இல்லை. ஒவ்வொரு சீசனுக்கும் யார் யாருக்கு என்ன செய்தார் என்று ஒரு வரிசை: ஏழு பேர், ஆளுக்கு எதிரே ஆறு பேர், மொத்தம் 42 வரிசைகள். ஆஸ்திரியா இத்தாலிக்குச் செய்தது ஒரு வரிசை, இத்தாலி ஆஸ்திரியாவுக்குச் செய்தது வேறு வரிசை. சப்போர்ட் கொடுத்தால் நட்பு, தாக்கினால் பகை.

2015-இல் நிகுலாயே, குமார், பாய்ட்-கிரேபர், தனெஸ்கு-நிகுலெஸ்கு-மிசில் ஆகியோர் இதே ஆட்டத்தை வைத்துச் செய்த ஆய்வும் அடிப்படையில் இப்படி ஆர்டர்களில் தெரிகிற நட்பையும் பகையையும் வைத்துத்தான் உறவுகளைப் பிரித்தது. இரு பக்கமும் உதவி நடந்து, சில சீசன் நீடித்து, பிறகு பகையில் முடிந்தால் அது துரோகம். அதற்கு முந்தைய பேச்சைப் பார்த்தபோது, நீடித்த நட்பில் இருவர் பேச்சும் ஒரு சமநிலையில் இருக்கிறது, துரோகம் வரப்போகும்போது இனிமை, மரியாதை, எதிர்காலத் திட்டம் பற்றிய பேச்சு ஆகியவற்றில் அந்தச் சமநிலை திடீரென்று மாறுகிறது என்று கண்டார்கள். தேன் ஒழுகப் பேசினால் உஷார் என்று ஆடுகிறவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

சரி, ஆனால் ஒரு குழுவுக்குள் ஒவ்வொரு ஆளையும் அளக்க இந்த அடுக்கு போதாது. எங்கே போதாது என்பதைக் கருங்கடலில் பார்க்கலாம். ரஷ்யாவின் கப்பல் செவஸ்தபோலில், துருக்கியின் கப்பல் அங்காராவில். யார் கருங்கடலுக்குள் நுழைந்தாலும் மற்றவருக்குத் தூக்கம் போய்விடும். அதனால் இருவரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் கருங்கடலுக்கு ஆர்டர் போடுவார்கள். மோதி இரண்டு கப்பலும் பழைய இடத்திலேயே நிற்கும். ஆர்டரை மட்டும் படிக்கிற நிரலுக்கு இது சண்டை, உண்மையில் அது சுத்தமான ஒப்பந்தம். இரண்டில் ஒருவர் ஆர்டர் போடாமல் இருந்தால்தான் பிரச்சினையே, ஏனென்றால் அவர் வேறெங்கோ கப்பலை வைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

இதைவிடக் கடினம் இத்தாலி 1901 வசந்தத்தில் வெனிஸிலிருந்து ட்ரியெஸ்டேவுக்குள் நுழைவது. ஆஸ்திரியாவின் சொந்த சென்டருக்குள் அடுத்தவன் படை, இதைவிடப் பெரிய பகை உண்டா? ஆனால் ஆடுகிறவர்கள் கீ லெபான்டோ என்று சொல்கிற தொடக்க நகர்வுத் திட்டத்தில் இது ஆஸ்திரியாவின் சம்மதத்தோடு நடக்கிறது. இலையுதிரில் இத்தாலி ட்ரியெஸ்டேவை விட்டு செர்பியாவுக்குப் போய்விடும், ஆஸ்திரியா செர்பியாவிலிருந்து கிரீசுக்கு நகர்ந்திருக்கும், இருவரும் சேர்ந்து துருக்கியை நோக்கி. வசந்தத்தில் உள்ளே வந்து போனால் சென்டர் கைமாறாது, இலையுதிரிலும் அங்கேயே உட்கார்ந்துவிட்டால் கைமாறிவிடும். ஆக, வசந்தத்தின் ஒரே ஆர்டர் இந்த ஆட்டத்தில் காட்ட முடிகிற மிகப் பெரிய நம்பிக்கையாகவும் இருக்கலாம், முதுகில் குத்தியதாகவும் இருக்கலாம். என்ன பேசினார்கள் என்று தெரியாமல் பலகையை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

எனவே வாக்குப் பதிவேடு ஒன்று வேண்டியிருந்தது. ஒவ்வொரு பேச்சையும் படித்து, யார், யாருக்கு, எந்த இடம் பற்றி, எந்த சீசன் வரைக்கும் வாக்குக் கொடுத்தார் என்று ஒரு வரி. கேட்க எளிது, உட்கார்ந்தால்தான் தெரியும். "ட்ரியெஸ்டே பக்கம் நான் வரவே மாட்டேன் அண்ணா, நீங்க தைரியமா கிழக்கே போங்க" என்பது வாக்கு, சந்தேகமில்லை. "எனக்கு இப்போதைக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை" என்பது? "பார்ப்போம்" என்பது? நானும் நண்பர் ஒருவரும் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட்டுப் பார்த்தோம். இந்த ஒப்புதலை வெறும் சதவீதமாகப் பார்க்கக் கூடாது, பெரும்பாலான பேச்சில் வாக்கே இருக்காது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டாலும் சதவீதம் அழகாக வரும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிடுகிற கோஹென் காப்பா என்ற அளவு 1960-இலிருந்தே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். எங்கள் கருத்து மோதியது பெரும்பாலும் "இப்போதைக்கு" வகையில்தான். கடைசியில் தெளிவான வாக்கு, சாடை என்று இரண்டாகப் பிரித்தோம். கணக்கில் ஏறுவது தெளிவான வாக்கு மட்டும். சாடைக்குத் தனிப் பத்தி, அதைப் படிப்பதற்கு வைத்திருக்கிறோம், மதிப்பெண்ணுக்கு இல்லை.

பதிவேட்டில் இன்னும் சில பத்திகள் தானாகவே வந்து சேர்ந்தன. ஒன்று, முன்னறிவிப்பு. "இந்த சீசனோடு நம்ம ஒப்பந்தம் முடிஞ்சுது, இனி உங்க எல்லையை நீங்க பார்த்துக்கோங்க" என்று ஆர்டர் கெடுவுக்கு முன்பே சொல்லிவிட்டுத் தாக்கினால் அது போர், துரோகம் இல்லை. இன்னொன்று, முரண் வாக்கு. ஒரே சீசனில் ஜெர்மனியிடம் ஆஸ்திரியாவை அடிக்கிறேன் என்றும் ஆஸ்திரியாவிடம் உன்னைத் தொட மாட்டேன் என்றும் சொன்னால், இரண்டில் ஒன்று உடைந்தே தீரும், ஆர்டர் திறக்கும் முன்பே அது தெரியும். பதிவேட்டில் எனக்கு மிகவும் பிடித்த பத்தி இதுதான், ஏனென்றால் நடந்து முடிந்ததை எண்ணுவதோடு நிற்காமல் வரப்போவதையும் இது சொல்கிறது.

உடைந்ததா இல்லையா என்பதை எழுதிய ஆர்டரை வைத்து முடிவு செய்ய வேண்டும், விளைவை வைத்து அல்ல. முதுகில் குத்தப் போனவன் வழியில் மூன்றாம் ஆளோடு மோதி நின்றுவிட்டான் என்பதற்காக அவன் வாக்கைக் காப்பாற்றியவன் ஆக முடியாது. இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு: கிரீசுக்குப் போக சப்போர்ட் தருகிறேன் என்று சொல்லிவிட்டு பல்கேரியாவுக்குப் போக சப்போர்ட் எழுதியிருப்பார். ஆர்டர் பட்டியலில் அது உதவியாகத்தான் தெரியும், உண்மையில் கூட்டாளி நடுத்தெருவில் நிற்கிறார். கேட்டால், ஆர்டர் எழுதும்போது கை தவறிவிட்டது என்பார். சில சமயம் அது நிஜம், சில சமயம் இந்த ஆட்டத்தின் மிகப் பழைய சாக்கு. பெஸ்கோவ் முதலானோர் 2020-இல் வெளியிட்ட தரவுத் தொகுப்பில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 12 ஆட்டங்கள், 17,289 செய்திகள், ஒவ்வொன்றையும் அனுப்பும்போதே இது உண்மையா பொய்யா என்று அனுப்புகிறவர் குறித்தார், உண்மை போல இருக்கிறதா என்று வாங்குகிறவரும் குறித்தார். நாங்களும் புது ஆட்டங்களில் அப்படியே செய்ய ஆரம்பித்தோம். கை தவறியதா, மனசு மாறியதா, முதலிலிருந்தே பொய்யா என்ற மூன்றும் இப்போது பிரிகின்றன. சொல்லும்போது உண்மையாகச் சொல்லிவிட்டுப் பிறகு மனம் மாறுகிறவர்கள் எங்கள் குழுவில் நான் நினைத்ததைவிட அதிகம். இது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

இப்போது அனுப்பிய தொகைக்கு வருவோம். பலகையில் நம்பிக்கை என்பது காவல் இல்லாமல் விடுவது. அண்டை நாட்டுக்காரன் நினைத்தால் இந்த சீசனில் என்னிடமிருந்து எத்தனை சென்டர் எடுக்கலாம் என்பதுதான் நான் அவனிடம் அனுப்பிய தொகை. கணக்கிடுவது இப்படி: எல்லோருடைய ஆர்டரையும் எழுதியபடியே வைத்துவிட்டு, அந்த ஒருவனுடைய ஆர்டர்களை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுத் தீர்ப்பு நிரலை ஓட்டி, என்னுடைய எத்தனை சென்டர் அதிகபட்சம் அவனுக்குப் போகிறது என்று பார்ப்பது. ஒரு படைக்கே பத்துப் பதினைந்து ஆர்டர் சாத்தியம், படைகள் பெருகப் பெருகப் பெருக்கல் கட்டுக்கடங்காமல் போகும். ஆகவே என் சென்டரை நோக்கிய நகர்வு, அதற்கு சப்போர்ட், என் சப்போர்ட்டை வெட்டுகிற தாக்குதல் (சப்போர்ட் தரும் படையையே தாக்கி அதைச் செல்லாமல் ஆக்குவது) இவற்றை மட்டும் தேடச் சொன்னேன். அவ்வளவு போதும்.

ஒரு நிலையை எடுத்துக் காட்டுகிறேன். 1901 வசந்தம் முடிந்திருக்கிறது. ஆஸ்திரியாவின் கப்பல் அல்பேனியாவில், படைகள் செர்பியாவிலும் கலீசியாவிலும். இத்தாலியின் படைகள் டைரோலிலும் வெனிஸிலும், கப்பல் அயோனியன் கடலில். டைரோல் படை மியூனிக்கைப் பார்க்கப் போகிறது, உங்களை அல்ல என்று இத்தாலி வாக்குக் கொடுத்திருக்கிறது. ஆஸ்திரியாவின் சொந்த சென்டர்களான ட்ரியெஸ்டே, வியன்னா, புடாபெஸ்ட் மூன்றும் காலி.

ஆஸ்திரியாவுக்கு மூன்று வழி. அல்பேனியா கிரீசுக்கு, செர்பியா அதற்கு சப்போர்ட், கலீசியா ருமேனியாவுக்கு என்று போட்டால், இத்தாலி டைரோலிலிருந்து வியன்னாவையும் வெனிஸிலிருந்து ட்ரியெஸ்டேவையும் எடுக்கலாம். திறந்து விட்டது 2. கலீசியாவை மட்டும் வியன்னாவுக்குத் திருப்பினால் அங்கே மோதல் ஆகிவிடும், ட்ரியெஸ்டே மட்டும் போகும். திறந்து விட்டது 1. கிரீசையே மறந்துவிட்டு அல்பேனியக் கப்பலை ட்ரியெஸ்டேவுக்குத் திருப்பி, செர்பியா அதற்கு சப்போர்ட் கொடுத்து, கலீசியாவும் வியன்னாவுக்குத் திரும்பினால் இத்தாலிக்கு ஒன்றும் கிடைக்காது. செர்பியாவின் சப்போர்ட்டை வெட்ட இத்தாலியிடம் அருகில் படையே இல்லை. திறந்து விட்டது 0. ஆக இந்த சீசனில் ஆஸ்திரியா எவ்வளவு நம்பியது என்பதற்கு 0, 1, 2 என்று கையால் சரிபார்க்கக்கூடிய விடை இருக்கிறது. வாயால் என்ன சொன்னது என்று கேட்கவே வேண்டாம்.

இதில் ஒரு கழித்தல் உண்டு. ரஷ்யாவும் துருக்கியும் சேர்ந்து நெருக்கும்போது ஆஸ்திரியாவிடம் மேற்கே நிறுத்தப் படையே இருக்காது, அப்போது ட்ரியெஸ்டே திறந்து கிடப்பது நம்பிக்கை இல்லை, நிர்ப்பந்தம். அதனால் என்ன ஆர்டர் போட்டிருந்தாலும் திறந்தே கிடந்திருக்கும் குறைந்தபட்சத்தைக் கண்டுபிடித்துக் கழித்துவிடுகிறேன். மிச்சம் இருப்பதுதான் விரும்பிக் கொடுத்த நம்பிக்கை.

திறந்து விட்டது எவ்வளவு என்று தெரிந்தவுடன் நாணயத்தின் கணக்கும் மாறியது. இந்த முழு வேலையிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: எடுக்க வழியே இல்லாதபோது காப்பாற்றிய வாக்கு எதையும் நிரூபிக்காது. பூட்டிய பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் எதையும் எடுக்கவில்லை என்பதால் அவர் நாணயஸ்தர் என்று ஆகிவிடாது. பிரான்ஸ் துருக்கியிடம் 1902-இல் உன்னைத் தாக்க மாட்டேன் என்று சொல்லிக் காப்பாற்றுவதில் என்ன இருக்கிறது?

எண்ணில் பாருங்கள். வாக்கைக் காப்பாற்றுகிறவரா என்று மதிப்பிட லாப்லாஸ் பாணிச் சூத்திரம் ஒன்றுண்டு: (காப்பாற்றியது + 1) ÷ (காப்பாற்றியது + உடைத்தது + 2). ஒன்றுமே தெரியாத ஆளுக்கு 0.5. மூன்று வாக்குக் கொடுத்து மூன்றையும் காப்பாற்றினால் 0.8. நான்காவதை உடைத்து இரண்டு சென்டரைப் பறித்துக்கொண்டால் 4 ÷ 6, அதாவது 0.67. வியன்னாவையும் ட்ரியெஸ்டேவையும் இழந்தவரிடம் போய், உங்களைக் குத்தியவர் இன்னும் மூன்றில் இரண்டு பங்கு நம்பகமானவர் என்று சொல்ல முடியுமா? இப்போது ஒவ்வொரு வாக்கையும் அப்போது எடுக்க முடிந்த சென்டர் எண்ணிக்கையால் எடை போடுங்கள். முதல் மூன்று வாக்கிலும் எடுக்க ஒன்றுமே இல்லை என்றால் அவை பூஜ்யம், மதிப்பு 0.5-லேயே நிற்கும். நான்காவதில் இரண்டு உடைந்தது: 1 ÷ 4, 0.25. மாறாக, இரண்டு சென்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தொடாமல் விட்டவருக்கு அந்த ஒரே சீசனில் 3 ÷ 4, 0.75. ஆடுகிறவர்கள் மனதில் வைத்திருக்கிற பட்டியலோடு இது எவ்வளவோ நெருங்கி வருகிறது.

இதோடு சீல் வைத்த எண் ஒன்றையும் சேர்த்தோம். ஆர்டர் கெடுவுக்கு முன் ஒவ்வொருவரும் தன் அண்டை நாட்டார் வாக்கைக் காப்பாற்ற எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 1 வரை எழுதிப் போட வேண்டும், ஆட்டம் முடியும் வரை யாரும் பார்க்க முடியாது. மதிப்பெண் பிரையர் முறையில், 1950-இலிருந்து வானிலைக் கணிப்பைச் சரிபார்க்கப் பயன்படுகிற அதே முறை: எழுதிய எண்ணுக்கும் நடந்ததற்கும் (காப்பாற்றினால் 1, உடைந்தால் 0) உள்ள வித்தியாசத்தின் வர்க்கம்தான் பிழை. 0.9 என்று எழுதி வாக்கு உடைந்தால் பிழை 0.81. 0.5 என்று எழுதியிருந்தால் 0.25. துரோகத்தின் அதிர்ச்சியை இது தனியாக அளக்கிறது: சென்டர் இழப்பு ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் எதிர்பார்த்து இழப்பதும் நம்பி இழப்பதும் வேறு வேறு. ஒன்று சொல்ல வேண்டும், இந்த எண்ணைக் கேட்பதே ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றுகிறது. கேட்டவுடன் சிலர் எல்லையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு ஆர்டரைத் திருத்துகிறார்கள். அதனால் எண் கேட்ட ஆட்டங்களையும் கேட்காத ஆட்டங்களையும் ஒரே பட்டியலில் சேர்ப்பதில்லை.

எழுதிய எண்ணையும் திறந்து விட்ட சென்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு அலுக்கவே இல்லை. சிலர் 0.9 என்று எழுதிவிட்டு ஒரு சென்டரையும் திறந்து விட மாட்டார்கள். சிலர் பாதிக்குப் பாதிதான் என்று எழுதிவிட்டு இரண்டு சென்டரை அப்படியே விட்டுவிட்டுக் கிழக்கே போவார்கள், ஏனென்றால் அவர்களுக்குக் கிரீஸ் அவ்வளவு முக்கியம். நம்புவதும் துணிவதும் தனித்தனி என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

ஆண்டு வரம்பு உள்ள ஆட்டங்களில் கடைசி ஆண்டைத் தனியாகப் பிரித்துவிட்டேன். 1908-இல் முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஆட்டத்தில் 1908 இலையுதிரில் வருகிற குத்துக்குப் பதிலடி கிடையாது, அதனால் அது ஏராளமாக வருகிறது. அரசியல் அறிவியலாளர் ஆக்ஸெல்ராட் 1980 வாக்கில் நடத்திய கைதிச் சிக்கல் (ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று இருவர் தனித்தனியே முடிவெடுக்கிற விளையாட்டு) போட்டிகளிலும் இதே விஷயம் எழுந்தது. முதல் போட்டியில் ஒவ்வொரு ஜோடிக்கும் 200 சுற்று என்று முன்கூட்டியே தெரியும், இரண்டாவதில் முடிவு எப்போது என்று தெரியாதபடி வைத்தார். எங்கள் குழுவிலும் அடுத்த ஆட்டங்களுக்கு ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு ஒவ்வோர் இலையுதிர் முடிவிலும் குலுக்கிப் பார்த்து நிறுத்துவதாக முடிவு செய்திருக்கிறோம்.

இப்போது செய்துகொண்டிருப்பது பேச்சே இல்லாத ஆட்டங்கள். அங்கே வாக்குப் பதிவேடு முழுக்கக் காலி. ஆனால் திறந்து விட்டது எவ்வளவு, கைக்கெட்டியும் தொடாமல் விட்டது எவ்வளவு என்ற இரண்டு பத்தியும் அப்படியே வேலை செய்கின்றன. ஒருவர் ட்ரியெஸ்டேவைத் திறந்து விடுகிறார், பக்கத்து நாட்டுக்காரர் தொடாமல் விடுகிறார், அடுத்த சீசனில் கேட்காமலேயே ஒரு சப்போர்ட் வருகிறது. இந்த மூன்றும் அதே வரிசையில் வருகிற இடங்களை நிரல் தேடிக் கொடுக்கிறது, அவற்றில் எத்தனை கடைசி வரை தாங்குகின்றன என்று ஒவ்வொன்றாகப் படித்துக் குறித்துக்கொண்டிருக்கிறேன்.